மலையூரில் மகள் வீடு: வயதான நாங்கள் எவ்வளவு உயரம் ஏறலாம், எதைப் பார்க்கலாம்?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். எனக்கு 71 வயது, என் மனைவிக்கு 66. எங்கள் மகளும் மருமகனும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், ஐகர் மலையின் அடியில் உள்ள கிரிண்டெல்வால்ட் என்னும் ஊரில் குடியிருக்கிறார்கள். மருமகன் ஒரு தங்கும் விடுதியின் சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறார். மகள் முதியோர் இல்லம் ஒன்றில் பணிபுரிகிறாள். பேரனுக்கு ஒன்பது வயது, பேத்திக்கு ஐந்து. இத்தனை காலமும் அவர்கள்தான் விடுமுறைக்கு ஊருக்கு வந்து போனார்கள். இம்முறை கத்திரி வெயில் கழிந்ததும் ஜூன் மாதத்தில் நாங்கள் அங்கே போகிறோம். விசா கைக்கு வந்துவிட்டது, விமானச் சீட்டும் எடுத்தாகிவிட்டது.

மகள் ஓர் அட்டவணை அனுப்பியிருக்கிறாள். அதில் முதல் வாரத்திலேயே யுங்ஃபிராவ்யோக், அடுத்து டிட்லிஸ், பிறகு செர்மாட் போய் கோர்னர்கிராட், அதன்பின் லூசெர்ன் வழியாகப் பிலாட்டஸ் என்று நாளுக்கொரு சிகரம் இருக்கிறது. ஓய்வுக்கென்று ஒரு நாள்கூட ஒதுக்கப்படவில்லை. உயரங்களைத் தேடிப் பார்த்தேன். யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர், கோர்னர்கிராட் 3,089 மீட்டர், டிட்லிஸும் 3,000 மீட்டரைத் தாண்டுகிறது, பிலாட்டஸ் 2,128 மீட்டர். கடலோரத்திலேயே வாழ்நாளைக் கழித்த எங்களுக்கு மலை என்றால் பக்கத்தில் உள்ள கேப்பர் மலையின் செம்மண் மேடுதான். திருமலைக்குப் போயிருக்கிறோம், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஊட்டிக்கும் போயிருக்கிறோம். அதற்கு மேல் அனுபவம் இல்லை.

எனக்கு இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மனைவிக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்திருக்கின்றன. படி ஏறிவிடுவாள், இறங்குவதற்குத்தான் பெரிதும் சிரமப்படுகிறாள். மகளோ இதற்காகவே விடுப்பையும் பணத்தையும் சேர்த்து வைத்திருக்கிறாள். பேரன் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "தாத்தா, உங்களைப் பனிக்குகைக்குக் கூட்டிக்கொண்டு போவேன்" என்கிறான். அவர்கள் ஆசையாகச் செய்யும் ஏற்பாட்டை நாங்கள் கெடுக்கக் கூடாது. அதே நேரத்தில், அந்நிய நாட்டில் அவர்களுக்கு மருத்துவமனை அலைச்சலையும் கொடுத்துவிடக் கூடாது. இந்த உடம்புடன் எதுவரை போகலாம், எதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் எடுத்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1: நெல்லிக்குப்பத்துக்காரன், இப்போது இன்டர்லாக்கன்

ஐயா, வணக்கம். நான் நெல்லிக்குப்பத்தில் பிறந்தவன். உங்கள் மகள் வீட்டிலிருந்து ரயிலில் அரைமணி நேரத் தொலைவில்தான் இப்போது இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் பெற்றோரை அழைத்துக்கொண்டு இந்த மலைகளில் சுற்றுவது எங்களில் பலருக்கும் ஆண்டுதோறும் நடப்பதுதான்.

மீட்டர் கணக்கைக் கேட்டு அஞ்ச வேண்டாம். நமக்குத் தெரிந்த ஊர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிரிண்டெல்வால்ட் 1,034 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இது திருமலையைவிடச் சற்றுக் கூடுதல், ஏற்காட்டைவிட நன்றாகக் குறைவு. ஐகரின் காலடியில் உள்ள கிளைன ஷைடெக் என்னும் கணவாய் 2,061 மீட்டர், கொடைக்கானலுக்கும் கீழேதான். ஊட்டி 2,240 மீட்டர். ஆகவே ஊட்டியில் தங்கிச் சிரமமின்றித் திரும்பிய உடம்புக்கு இங்கே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. யுங்ஃபிராவ்யோக்கின் நிலைமை வேறு. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். இது அதற்கும் மேலே ஏறக்குறைய 760 மீட்டர். லடாக்கின் லே நகரத்தின் உயரத்தோடுதான் இதை ஒப்பிட முடியும். அதிலும், புதிய ஐகர் எக்ஸ்பிரஸ் கம்பிவண்டி 2020 டிசம்பரில் வந்தபின், கிரிண்டெல்வால்ட் முனையத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் மேலே சேர்த்துவிடுகிறார்கள். ஏறத்தாழ 2,500 மீட்டர் ஏற்றத்தை அவ்வளவு விரைவில் கடக்கும்போது, உடம்பு பழகிக்கொள்வதற்கு நேரமே கிடைப்பதில்லை.

உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது குரோஸ ஷைடெக். 1,962 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாய்க்கு மகள் வீட்டு ஊரிலிருந்தே பேருந்து செல்கிறது. தனியார் கார்களுக்கு அந்தச் சாலையில் அனுமதி இல்லை. மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பேருந்தின் சன்னலோரத்தில் உட்கார்ந்தால், வெட்டர்ஹோர்ன் மலையின் பாறைச் சுவர் கையெட்டும் தொலைவில் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. மேலே ஒரு விடுதி இருக்கிறது. அதன் முன்னே வெயிலில் அமர்ந்து சூடாக ஏதாவது குடித்துவிட்டு அடுத்த பேருந்தில் இறங்கிவிடலாம்.

அடுத்தது படகு. இன்டர்லாக்கனிலிருந்து பிரியன்ஸ் ஏரியில் செல்லும் படகில் ஏறி, கீஸ்பாக் துறையில் இறங்குங்கள். அங்கே அருவிக்கு ஏறுவதற்கு 1879 முதல் ஓடும் ஒரு சிறிய கம்பியிழுவை ரயில் இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்குத் தொந்தரவே இல்லாமல், அருவியை நேர் எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம். அந்த ஏரியின் நீர், பனியாறுகள் அரைத்துக் கொண்டுவரும் பாறைத் துகள் கலந்து, பச்சையும் நீலமும் சேர்ந்த ஒரு நிறத்தில் இருக்கும். தேவனாம்பட்டினத்துக் கடலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மிகவும் புதிதாகத் தெரியும்.

மூன்றாவதாகச் சொல்வதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள், ஏனென்றால் நீங்கள் ஊட்டி ரயிலில் போனவர். அதே ஏரியின் மறுகோடியில் பிரியன்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து ரோட்ஹோர்ன் மலைக்கு 1892 முதல் நீராவி ரயில் ஓடுகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே, எஞ்சினின் பற்சக்கரம் பற்றி ஏறும் பல்சட்டம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த அமைப்பு அது. ரோட்ஹோர்ன் பாதையிலும் அதே அமைப்புதான். நீலகிரி ரயிலின் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைச் செய்தது வின்டர்தூர் நகரத் தொழிற்சாலை. இங்கே ஓடுபவையும் அதே தொழிற்சாலையில் பிறந்தவை. மேல் நிலையத்தின் உயரம் 2,244 மீட்டர், ஊட்டிக்குச் சரிசமம். ஒரு வேறுபாடு: நீலகிரிப் பாதை பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிறது என்றால், இது செங்குத்தான இடங்களில் நான்கு அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. எஞ்சின் பின்னால் நின்று தள்ள, ஒரு மணி நேரம் புகையும் நீராவியுமாக மேலே போகும் அந்தப் பயணத்தில், பேரனுக்கு நீங்கள் ஆசிரியராக இருந்து சொல்லித்தர நிறைய இருக்கும். ஜூன் தொடக்கத்தில் மேல்பகுதிப் பனியைப் பொறுத்துத்தான் ரயிலை முழுத் தொலைவுக்கும் விடுவார்கள். அதை மட்டும் மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

டிட்லிஸ், செர்மாட், பிலாட்டஸ் ஆகிய மூன்றையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அவை மோசமான இடங்கள் என்பதல்ல காரணம். கிரிண்டெல்வால்டிலிருந்து செர்மாட் போய்த் திரும்புவதற்கே நாள் முழுதும் ரயிலில் கழிந்துவிடும். வீட்டுச் சன்னலில் ஐகரை வைத்துக்கொண்டு வேறொரு மலையைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா?


பதில் 2: கடலூர் பொதுநல மருத்துவர்

ஐயா, உங்கள் இதய மருத்துவர் உங்களை நேரில் பார்த்துச் சொல்வதே இறுதி. நான் எழுதுவது, அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காக.

3,454 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அதற்கேற்பக் குறைவதால், அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு வாங்கும், சிலருக்குத் தலைசுற்றும். தலைவலி, குமட்டலுடன் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே, சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். மேலே ஓரிரு மணி நேரம் மட்டும் இருந்து திரும்புகிறவர்களுக்கு அதைவிட, குளிரில் அவசரமாக நடப்பதும் படி ஏறுவதும்தான் ஆபத்து. குளிர் இரத்த நாளங்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும்; ஆக்சிஜன் குறைவும் சேர்ந்துகொண்டால், ஏற்கெனவே அடைப்பு இருந்த இதயத்திற்குப் பளு கூடுகிறது.

இதனால் ஸ்டென்ட் வைத்தவர்கள் எவருமே போகக் கூடாது என்று சொல்லிவிட முடியாது. நெஞ்சுவலி இல்லாமல், மருந்துகளை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, நிலையாக இருப்பவர்கள் பலர் போய் வருகிறார்கள். இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ அளவுக்கு மீறிய மூச்சிரைப்போ வருகிறதா என்று கவனியுங்கள். புறப்படும் முன் டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் இதற்கு வசதி இருக்கிறது.

இன்னொரு செய்தி உங்களுக்குத் துணிவு தரலாம். விமானம் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரைமட்டத்துக்குச் சமமாக இருப்பதில்லை. சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்து மலையில் இருப்பதற்கு அது ஈடு. அந்த அழுத்தத்தில் பல மணி நேரம் தொந்தரவின்றி உட்கார்ந்து வந்தீர்கள் என்றால், குரோஸ ஷைடெக்கிலோ கிளைன ஷைடெக்கிலோ பெஞ்சில் அமர்ந்திருப்பதற்கும் உங்கள் உடம்பு பெரும்பாலும் இடம் கொடுக்கும்.

மாத்திரைகளைப் பயண நாள்களுக்கு மேல் இரண்டு வாரத்திற்குக் கூடுதலாக வாங்கி, முழுவதையும் கைப்பையில் வையுங்கள். மருந்துச் சீட்டில் நிறுவனப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்; நம் ஊர் நிறுவனப் பெயர் அங்குள்ள மருத்துவருக்குப் புரியாது. கடைசியாக எடுத்த இசிஜி, ஸ்டென்ட் விவர அட்டை ஆகியவற்றின் நகல் உங்களிடம் ஒன்றும் மகளிடம் ஒன்றும் இருக்கட்டும். பயணக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பணம் தருவார்களா என்று இன்றே படித்துப் பாருங்கள். விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்பீட்டை எடுத்தாலே போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் பல பத்திரங்களில் பழைய இதய நோய்க்கு இடமிருப்பதில்லை. அங்கே ஆம்புலன்ஸ் எண் 144.

அம்மாவின் முழங்காலைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான்: தேய்ந்த மூட்டுக்கு இறக்கம்தான் அதிக வேதனை. கம்பிவண்டியில் ஏறி நடந்து இறங்கும் திட்டம் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வாங்கிக் கொடுங்கள். ஒற்றைக் கோலைவிட அது பளுவை நன்றாகக் குறைக்கும். பனிமேல் வெயில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணை வருத்தும் என்பதால், கண்புரை அறுவை செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.


பதில் 3: முத்தியால்பேட்டை அம்மா, புதுச்சேரி

ஐயா, மருத்துவரும் இன்டர்லாக்கன் தம்பியும் சொன்னவற்றுக்கு மேல் உயரத்தைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. என் மகன் பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் இருக்கிறான். அதுவும் சுற்றிலும் மலை சூழ்ந்த ஊர். நகரம் மட்டும் சமதளம். நானும் என் கணவரும் கோடைகளில் அங்கே போய்த் தங்குவது உண்டு. உங்கள் கடிதத்தில் என் மனத்தில் தைத்தது, மகளிடம் எப்படிச் சொல்வது என்ற அந்தத் தவிப்புதான்.

நம் தலைமுறையில் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளைகள் கூப்பிட்டால், "முடியவில்லை" என்று சொல்ல மாட்டோம். கால் வலித்தாலும் "பரவாயில்லை, போகலாம்" என்போம். பசித்தாலும் "ஒன்றும் வேண்டாம், அங்கே விலை அதிகம்" என்போம். மாலையில் வீடு திரும்பியதும் வாடிப்போய்ப் படுத்துவிடுவோம். பிள்ளைகள் அதைப் பார்த்து, "அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று எண்ணி, மறுநாள் இன்னும் பெரிய இடத்துக்கு ஏற்பாடு செய்வார்கள். இரு பக்கமும் அன்புதான். இரு பக்கமும் களைத்துப் போகிறார்கள். ஆகவே உங்கள் உடம்பின் நிலையை, ஸ்டென்ட் உட்பட, இங்கே எங்களுக்கு எழுதிய அதே தெளிவோடு மகளுக்கு எழுதுங்கள். சீட்டு வாங்குவதற்கு முன் எழுதுங்கள். மலை ரயில் சீட்டு மிகவும் விலை கூடியது; வாங்கிய பின் சொன்னால் அவளுக்குப் பணமும் போகும், மனமும் நோகும்.

எழுதும்போது "இதெல்லாம் வேண்டாம்" என்று தொடங்காதீர்கள். உங்களுக்கு எதைப் பார்க்க ஆசை என்பதை முதலில் எழுதுங்கள். எனக்கு மலைச் சிகரத்தைவிட, என் பேத்தி எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிறாள், எந்த மரத்தடியில் விளையாடுகிறாள், அவளுடைய தோழிகள் யார் என்று பார்க்கத்தான் ஆசையாக இருந்தது. அதைச் சொன்ன அன்றே மருமகளின் முகம் தெளிந்துவிட்டது. பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொட்டிக் கடை, நூலகம், சந்தை என்று தன் ஊரைக் காட்டினாள். என் கணவர் புதுச்சேரியில் சிறுவயதில் படித்த பிரெஞ்சில் சந்தைக்காரரிடம் கத்தரிக்காய் விலை கேட்டபோது, அந்தப் பிள்ளை தாத்தாவை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். ஐந்து வயதுக் குழந்தைக்கும் அறுபத்தாறு வயதுப் பாட்டிக்கும் நடை வேகம் ஏறத்தாழ ஒன்றுதான். இருவரையும் சேர்த்து நடக்க விடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளையை அப்பாவோடு முன்னே ஓட விடுங்கள்.

ஒரு நாள் வெளியே போனால் மறுநாள் வீட்டில் இருப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் நாள் வீணான நாள் ஆகாது. உங்கள் மனைவி சமைப்பதற்கும், மகள் வேலைக்குப் போய் வந்ததும் அம்மா கையால் சாப்பிடுவதற்கும் அந்த நாள்தான் இடம் தரும். ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும்; சன்னல் திரையை இறக்கிவிட்டு, வழக்கமான நேரத்திற்கே படுத்துக்கொள்ளப் பாருங்கள். வெளிச்சம் இருக்கிறதே என்று விழித்திருந்தால் உடம்பு இரண்டே நாளில் சோர்ந்துவிடும்.


பதில் 4: லாஸ்பேட்டை வாசகர்

மற்றவர்கள் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் யுங்ஃபிராவ்யோக்கை அடியோடு விலக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் தந்தை எழுபதைத் தாண்டியவர், இரத்த அழுத்தம் உள்ளவர், மருத்துவர் ஒப்புதலுடன் மேலே போனார். 1896இல் தோண்டத் தொடங்கி 1912இல் முடித்த பாதை அது. ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தப் பாதையில் பெரும்பகுதி, ஐகர், மோன்ஷ் ஆகிய இரு மலைகளின் வயிற்றைக் குடைந்து செல்கிறது. என் தந்தை பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். அந்தச் சுரங்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே, நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாறையை எப்படி வெட்டினார்கள் என்று வழி முழுதும் பேசிக்கொண்டு வந்தார். மேலே ஆலெட்ச் பனியாறு, ஆல்ப்ஸ் மலைகளிலேயே மிக நீளமானது, கண்ணுக்கு எட்டியவரை வளைந்து கிடப்பதைக் கண்ணாடிச் சுவருக்கு இப்பாலிருந்தே பார்த்தார். அவர் வாழ்க்கையில் அதற்கு ஈடாக எதையும் பார்த்ததில்லை என்று இன்றும் சொல்கிறார். வயதாகிவிட்டது என்பதற்காக ஒருவருடைய ஆசையை நாமே முடிவு செய்துவிடக் கூடாது. ஆசிரியர் ஐயாவுக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா?


பதில் 5: நெல்லிக்குப்பத்துக்காரன், இப்போது இன்டர்லாக்கன்

லாஸ்பேட்டை நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஐயாவுக்கு ஆசை இருந்து, இதய மருத்துவரும் ஒப்புக்கொண்டால், இடையில் நிறுத்திப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஐகர் எக்ஸ்பிரஸ் கம்பிவண்டி ஐகர்கிளெட்சர் நிலையத்தில் முடிகிறது. அதன் உயரம் 2,320 மீட்டர், தொட்டபெட்டாவைவிடக் குறைவு. ஐகரின் பனியாறு அங்கிருந்தே கண்ணெதிரில் தெரியும். முதலில் அதுவரை மட்டும் சீட்டு வாங்கிப் போய், அங்கே உணவகத்தில் நன்றாக இளைப்பாறுங்கள். மூச்சும் தலையும் சீராக இருந்தால், இன்னொரு நாள் மேலே போவதைப் பற்றி முடிவு செய்யலாம். இல்லையென்றால் அதுவே போதுமான காட்சி. வந்து சேர்ந்த முதல் வாரத்தில் வேண்டாம். கிரிண்டெல்வால்டில் பத்து நாளாவது உறங்கி எழுந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் நாளைத் தேதி பார்த்து முடிவு செய்யக் கூடாது, வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மேலே உள்ள நேரலை கேமராவை மகள் காலையில் கைபேசியில் பார்க்கட்டும். படம் முழுதும் வெள்ளையாக இருந்தால் மேகம் மூடியிருக்கிறது என்று பொருள். அன்று போனால் மேலேயும் அதே வெள்ளைதான் தெரியும். ஜூனில் பிற்பகலில் மேகம் திரள்வது வழக்கம், ஆகவே காலை வண்டியே நல்லது. மேலே ஏறியதும் வேகமாக நடக்காதீர்கள். வெளிப் பனித்திடலில் இறங்குவதும் பனிக்குகையின் வழுக்கும் தரையில் நடப்பதும் அம்மாவுக்கு வேண்டாம். பேரனைத் தந்தையோடு குகைக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் கண்ணாடிக் கூடத்தில் உட்கார்ந்திருங்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பெர்ன் நகரத்தில் பல சமயத்தாரும் ஒரே கூரையின்கீழ் வழிபடும் இல்லம் ஒன்று 2014இல் திறக்கப்பட்டது. அதனுள் ஈழத்தமிழர் நடத்தும் சைவநெறிக்கூடத்தின் சிவன் கோயில் இருக்கிறது. அங்கே வழிபாடு தமிழிலேயே நடக்கிறது. பாடலீசுவரர் சந்நிதித் தெருவில் நடந்து பழகியவர்களுக்கு, ஆல்ப்ஸ் நாட்டில் ஓதுவார் குரலில் தேவாரம் கேட்பது எத்தனை நிறைவு தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிரிண்டெல்வால்டிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். மழை பெய்து மலை மூடிக்கிடக்கும் நாளை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.


ஆசிரியரின் மறுமொழி

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. லாஸ்பேட்டை நண்பர் கேட்ட கேள்விக்கு விடை சொல்கிறேன்: ஆம், ஆசை இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் பாடத்தில் பனியாறு என்று கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஒன்றையாவது கண்ணால் பார்க்க வேண்டும். அது ஐகர்கிளெட்சர் நிலையத்திலிருந்தே தெரியும் என்று படித்ததும் மனம் அமைதியாகிவிட்டது.

நேற்றிரவு மகளிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். முதலில் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, ஸ்டென்ட் வைத்ததை நாங்கள் அவளிடம் லேசாகச் சொல்லியிருந்ததாகவும், இவ்வளவு விவரம் தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள். பழைய அட்டவணையை எடுத்துவிட்டாள். குரோஸ ஷைடெக் பேருந்து, கீஸ்பாக் படகு, பிரியன்ஸ் நீராவி ரயில், ஐகர்கிளெட்சர், பெர்ன் கோயில் என்று ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவே நாள்களை விட்டிருக்கிறோம். யுங்ஃபிராவ்யோக் பற்றி இதய மருத்துவரைப் பார்த்தபின் முடிவு செய்வோம். பேரனிடம் நீராவி எஞ்சினைப் பற்றிச் சொன்னதும், பல்சட்டம் எப்படி இருக்கும் என்று படம் வரைந்து அனுப்பச் சொல்லியிருக்கிறான்.

என் மனைவி கேட்கச் சொன்னவை இரண்டு. அவள் ஷூ அணிந்ததே இல்லை, புடவை தவிர வேறு உடுத்தியதும் இல்லை. அங்கே எப்படிச் சமாளிப்பது? இரண்டாவது, சமையலுக்கு இங்கிருந்து எதை எடுத்துப் போகலாம்?


பதில் 6: முத்தியால்பேட்டை அம்மா, புதுச்சேரி

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: நானும் புடவையோடுதான் போனேன். உள்ளே உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளாடையை, கால்வரைக்கும், அணிந்துகொண்டால் புடவைக்குள்ளும் குளிர் ஏறாது. பருத்தி வேண்டாம், நனைந்தால் காய்வதில்லை. மலைக்குப் போகும் நாளில் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்ட வேண்டும். கொசுவத்தின் நுனி ஈரப் பனியைத் தொட்டுவிட்டால் நீரை இழுத்துக் கனத்துப்போய்க் காலைத் தட்டும். கம்பிவண்டியில் ஏறும்போதும் அதுவே இடறும். சுடிதார் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது, கட்டாயம் இல்லை.

ஷூவை இப்போதே வாங்கிவிடுங்கள். அடிப்பாகம் பிடிப்புள்ளதாக, கட்டை விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, காலுறை அணிந்தபடியே போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி, சரியான அளவு தெரியும். புறப்படும்வரை தினமும் மஞ்சக்குப்பம் மைதானத்திலோ சில்வர் பீச் சாலையிலோ அதைப் போட்டுக்கொண்டு இருவரும் நடங்கள். புது ஷூவை மலையில் முதன்முதலாக அணிந்தால் குதிகாலில் கொப்புளம் வந்து, பாதி நாள்கள் வீட்டுக்குள்ளேயே போய்விடும்.

சமையலைப் பொறுத்தவரை, நெய், பால்கோவா, இறைச்சி ஆகியவற்றை எடுத்துப் போகாதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் கொண்டுவர அங்கே அனுமதி இல்லை. முறுக்கு, புளி, வற்றல், வீட்டில் அரைத்த சாம்பார்ப்பொடி, மிளகாய்த்தூள் ஆகியவை போதும். தூள்களை நன்றாக முத்திரையிட்டு, மேலே பெயர் எழுதி வையுங்கள். உளுந்து, துவரம்பருப்பு, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும், சுமக்க வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு மூன்று நான்கு டிகிரி முன்பே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரம் பிடிக்கும். குக்கரில் வைத்தால் தொல்லை இல்லை. மகள் வீட்டில் பெரிய குக்கர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இட்லி மாவு அங்கே இரவில் வெளியே வைத்தால் பொங்காது. ரொட்டி சுடும் மின்னடுப்பை (ஓவன்) சூடாக்காமல், அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு அதற்குள் வையுங்கள். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.